லியோனின் தபால் பெட்டிகள்

8 அக்டோபர் 2024, செவ்வாய். லியோன், பிரான்ஸ்

வந்து இறங்கியபோது மழை. வேலூரில் பெய்வதுபோல் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்கிற மழை இல்லை. காலையில் பிடித்தால் இருட்டும்வரை ஒரே சீராகத் தூறுகிறது. ஸ்டேஷன் வாசலில் மகன் நின்றிருந்தான். பதினோரு மாதம் கழித்துப் பார்க்கிறோம். கட்டிப்பிடித்துவிட்டு முதலில் கேட்டது, "குடை எடுத்துட்டு வரலையாம்மா?" எதிர்க்கடையில் குடை 12 யூரோ. ஆயிரத்து நூறு ரூபாய்க்கு ஒரு கறுப்புக் குடை. பயணம் முழுக்க அதுதான் கைத்துணையாக இருந்தது.

அவன் இங்கே மேற்படிப்பு படிக்கிறான். நான் 22 வருடம் பள்ளியில் வரலாறு எடுத்தவள். பத்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள், 1940இல் பிரான்ஸ் விழுந்தது, 1944இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கின என்று நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "நடுவுல நாலு வருஷம் அந்த ஊர் ஜனங்க என்ன டீச்சர் பண்ணாங்க?" என்று கேட்டாள். "எதிர்ப்பு இயக்கம் இருந்துச்சும்மா, பாலத்தையெல்லாம் தகர்த்தாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். அவள் இப்போது ராணிப்பேட்டையில் நர்ஸ். பொங்கலுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வி வந்து நிற்கும்.

அதனால் மகன் போட்டு வைத்திருந்த பட்டியலைப் பார்த்ததும், "இதெல்லாம் அப்புறம். ஜெர்மன்காரன் இருந்த காலத்து இடங்களைக் காட்டு" என்றேன்.

மாலையில் ரொட்டிக் கடைக்குப் போனோம். ரோஜா நிறத்தில் சர்க்கரைப் பாகு ஏறிய பாதாம் மேல்பரப்பாக ஒரு பண்டம், துண்டு மூன்றரை யூரோ. நான் விரலால் காட்டி "ஒண்ணு" என்றேன். கடைக்காரப் பெண் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து நிதானமாக "போன்ழூர், மதாம்" என்றாள். மகன் காதில் சொன்னான்: "முதல்ல வணக்கம் சொல்லணும்மா. சொல்லாம கேட்டா மரியாதையில்ல." சொன்னேன். உடனே சிரித்துக்கொண்டு பெரிய துண்டாகப் பார்த்து எடுத்தாள். நம் ஊர்க் கடையில் "அண்ணே" என்று ஆரம்பிப்பதுபோல் இங்கே இது.

9 அக்டோபர், புதன். குருவா ரூஸ் மேடு

லியோனில் இரண்டு ஆறுகள், இரண்டு குன்றுகள். குருவா ரூஸ் என்பது பட்டு நெசவாளர்களின் குன்று. 'கானு' என்று அவர்களுக்குப் பெயர். தறி உயரம் என்பதால் வீட்டுக் கூரையும் உயரம். நெய்த பட்டை மழையில் நனையாமல் கீழே கொண்டுபோகக் கட்டடங்களின் வயிற்றுக்குள்ளேயே வழி இருக்கிறது. ஒரு தெருவில் கதவைத் தள்ளி நுழைந்தால் இருட்டு நடை, நடுவே முற்றம், மாடிப்படி, மறுபடி ஒரு நடை. வெளியே வந்தால் வேறு தெரு. இதற்கு 'திராபூல்' என்று பெயர். ஆக்கிரமிப்புக் காலத்தில் துரத்தல்காரர்களிடமிருந்து நழுவ இந்த வழிகள் உதவின என்று எல்லா வழிகாட்டிப் பலகையும் சொல்கிறது.

உள்ளே போய்ப் பார்க்கும்வரை ஓட்டமும் துரத்தலுமாகத்தான் கற்பனை செய்திருந்தேன். ஆறு மாடிக்குக் கல் படிக்கட்டு ஏறும் 'வோராஸ்' முற்றத்தில் நின்றபோதுதான் ஒன்று உறைத்தது. இவை வீடுகள். இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். யாரோ வெங்காயம் வதக்கும் வாசனை, ஒரு சைக்கிள், காயப்போட்ட துண்டு. சுவரில் சத்தம் போடாதீர்கள் என்று கேட்டு ஒரு அறிவிப்பு. ஒரு பாட்டி காய்கறிப் பையோடு வந்தார். கதவை எங்களுக்காகப் பிடித்துக்கொண்டு, உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு மாடியேறிப் போனார்.

அந்த நடையில் ஒரு சுவர் முழுக்கத் தபால் பெட்டிகள். தகரம், மரம், நசுங்கியது, புதுசு. மகன் படித்து வைத்திருந்ததைச் சொன்னான். இயக்கத்தில் 'தபால் பெட்டி' என்பதே ஒரு வேலைக்குப் பெயர். ஒரு கடைக்காரரோ, பல் மருத்துவரோ, வாயிற்காவல் பெண்ணோ தன் பெட்டியையோ முகவரியையோ கொடுப்பார். ஒருவர் காகிதத்தைப் போட்டுவிட்டுப் போவார், இன்னொருவர் வந்து எடுப்பார். போட்டவருக்கு எடுப்பவர் யாரென்று தெரியாது. பெட்டிக்காரருக்கு உள்ளே என்னவென்று தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. பிடிபட்டு அடி வாங்கினால் சொல்வதற்கு ஒன்றும் இருக்கக்கூடாது.

என் மாணவிக்கு நான் பாலம் தகர்த்ததைச் சொன்னேன். பாலம் தகர்த்தார்கள்தான், தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள்தான். ஆனால் ஒரு பாலம் தகர்வதற்கு எத்தனை தபால் பெட்டிகள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்!

லியோன் ஏன் இதற்கு மையமானது என்பதையும் சொல்ல வேண்டும். 1940 ஜூனில் போர்நிறுத்த ஒப்பந்தம் ஆனதும் நாட்டை ஒரு கோடு இரண்டாகப் பிரித்தது. வடக்கும் மேற்குக் கடலோரமும் ஜெர்மன் படையிடம். தெற்கே விஷியில், ஜெர்மனியோடு ஒத்துப்போன மார்ஷல் பெத்தேனின் அரசு. லியோன் தெற்கே இருந்ததால் பாரிசிலிருந்து தப்பியவர்கள், பத்திரிகைக்காரர்கள், யூதர்கள் எல்லாரும் இங்கே வந்து குவிந்தார்கள். 1942 நவம்பர் 11 அன்று ஜெர்மன் படை தெற்கையும் பிடித்தபோது, ஊர் முழுக்க இந்த வலை ஏற்கெனவே பின்னப்பட்டிருந்தது.

ரெனே லெனோ என்று ஒரு தெரு. கவிஞர், பத்திரிகையாளர், 1944 ஜூன் 13 அன்று சுட்டுக் கொல்லப்பட்டவர். அதே தெருவில், அதன் பழைய பெயர் இருந்த காலத்தில், ஓஜேன் போன்ஸ் என்ற அச்சகக்காரர் பகலில் சாதாரண அச்சு வேலையும் மறைவில் தடைசெய்யப்பட்ட பத்திரிகைகளும் போட்டுக்கொண்டிருந்தார். பிடித்துப்போய் ஜெர்மனியில் நொயங்கமே முகாமில் சாகவிட்டார்கள். காகிதமும் மையும் ரேஷனில் கிடைத்த காலம் அது. நான் அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் நின்றேன். பள்ளிக்கூட ஆண்டு மலருக்குப் பேப்பர் கிடைக்காமல் அலைந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. எவ்வளவு சின்ன அலைச்சல்.

மதியம் சாப்பாட்டுக் கடையில் 16 யூரோவுக்கு இரண்டு வகை உணவு. நான் சைவம். இந்த ஊர்ச் சாப்பாடோ குடல், ஈரல், தலைக்கறி. மகன் ஒன்றைக் காட்டி "இது உனக்கு ஆகும், பேரு 'கானுவின் மூளை'" என்றான். கையை இழுத்துக்கொண்டேன். வந்தது வெண்பாலாடைக்கட்டியில் பூண்டும் வெங்காயத்தாளும் எண்ணெயும் சேர்த்து அடித்த பச்சடி, அவித்த உருளைக்கிழங்கோடு. தயிரில் பிசைந்த மாதிரி இருந்தது. கறி வாங்க வழியில்லாத நெசவாளர் சாப்பாடு. வயிறும் மனமும் நிறைந்தது.

10 அக்டோபர், வியாழன். கலுவீர்

மழை. கலுவீர் குருவா ரூஸுக்கு அப்பால் உள்ள மேட்டுப் புறநகர். சாலை வேலைக்காக பஸ்ஸை வேறு பாதையில் திருப்பி, எங்களை எங்கோ இறக்கிவிட்டார்கள். ஓட்டுநர் சொன்ன அறிவிப்பு மகனுக்கே புரியவில்லை. நாற்பது நிமிடம் மேடேறி நடந்தோம். என் செருப்பின் அடி பாதியில் பிரிந்து வந்துவிட்டது. ஒரு பூக்கடைக்காரர் கேட்காமலேயே பூங்கொத்து கட்டும் நாரை எடுத்து வந்து, குனிந்து, செருப்போடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

நாங்கள் தேடியது டாக்டர் துகூழோனின் வீடு. மருத்துவமனையும் வீடுமாக இருந்த சாதாரண மூன்றுமாடிக் கட்டடம், சின்ன சதுக்கத்தை ஒட்டி. போய்ச் சேர்ந்தால் அன்று திறக்கும் நாளில்லை. கேட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

1943 ஜூன் 21 மதியம் இங்கேதான், எதிர்ப்புக் குழுக்களை ஒன்றாக்கிய ழான் மூலேன் பிடிபட்டார். எட்டு பேர் கூடுவதாக ஏற்பாடு. இயக்கத்தின் ரகசியப் படைக்குத் தளபதியான ஜெனரல் தெலஸ்திரேன் ஜூன் 9ஆம் தேதி பாரிசில் கைதாகியிருந்தார். அவர் இடத்துக்கு யார் என்று முடிவு செய்ய வேண்டும். மூலேனும் கூட இருவரும் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார்கள். கதவைத் திறந்த வேலைக்காரப் பெண் அவர்களை நோயாளிகள் என்று நினைத்து, நிஜ நோயாளிகளோடு கீழே காத்திருப்பு அறையில் உட்கார வைத்துவிட்டார். சற்று நேரத்தில் லியோன் கெஸ்டாபோவின், அதாவது ஜெர்மன் ரகசியப் போலீசின், தலைவன் க்ளவுஸ் பார்பியின் ஆட்கள் நுழைந்தார்கள். மூலேன் சட்டைப் பையில் வாதநோய்க்குச் சிறப்பு மருத்துவரைப் பார்க்கச் சொல்லும் கடிதம் இருந்தது. பெயர் ழாக் மார்தேல், நீஸ் நகரத்து அலங்கார வேலைக்காரர். ஒருவர் ஓடித் தப்பினார். அவர்தான் காட்டிக்கொடுத்தாரா என்று போருக்குப் பின் இரண்டு தடவை வழக்கு நடந்தது, இரண்டிலும் விடுதலை. பிரான்சில் இன்றும் இதைப் பற்றிப் பேசினால் குரல் உயரும் என்கிறான் மகன்.

மூலேனைப் பற்றி எனக்கு முதலில் மனதில் பதிந்தது வேறொரு தேதி. 1940 ஜூன் 17. அப்போது அவர் ஷார்த்ர் நகரில் மாவட்ட ஆட்சியர். நம் ஊர் கலெக்டர் மாதிரி. ஜெர்மன் அதிகாரிகள் ஒரு காகிதத்தை நீட்டுகிறார்கள்: பிரெஞ்சுப் படையிலிருந்த செனகல் ஆப்பிரிக்க வீரர்கள் பெண்களைக் கெடுத்துக் கொன்றார்கள் என்று. பொய். கையெழுத்து போட மறுக்கிறார். மணிக்கணக்கில் அடி. இரவு அடைத்துப் போடுகிறார்கள். மறுநாள் அடி தாங்காமல் எங்கே கையெழுத்து போட்டுவிடுவோமோ என்று பயந்து, கிடந்த கண்ணாடிச் சில்லால் கழுத்தை அறுத்துக்கொள்கிறார். பிழைத்துவிட்டார். அதற்குப் பின் கழுத்தில் துணி சுற்றிய மனிதராகவே நினைவில் நிற்கிறார்.

ஒரு கலெக்டர், ஒரு கையெழுத்து. அந்தச் சமயத்தில் இயக்கம் என்று ஒன்று உருவாகவே இல்லை. தன் நாட்டுக்காரர்களே முழு மரியாதை கொடுக்காத கறுப்பு வீரர்களின் பெயரைக் காக்க அவர் அதைச் செய்தார். இதை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

பிறகு லண்டன் போய், அங்கிருந்து போரைத் தொடர்ந்த ஜெனரல் டி காலைச் சந்தித்து, 1942 தொடக்கத்தில் பாராசூட்டில் குதித்துத் திரும்பினார். ஒன்றை ஒன்று நம்பாத குழுக்கள்: கம்யூனிஸ்டுகள், கத்தோலிக்கர், சோஷலிஸ்டுகள், ராணுவத்தார். எல்லாரையும் ஒரு மேசைக்குக் கொண்டுவந்தார். 1943 மே 27 அன்று பாரிசில் தேசிய எதிர்ப்புக் கவுன்சில் முதன்முறை கூடியது. அதற்கு 25 நாள் கழித்து இந்த வீடு.

இறங்கி வரும்போது ஒரு கஃபேயில் ஒதுங்கினோம். நின்றுகொண்டு குடித்தால் காபி 1 யூரோ 80 சென்ட். போர்க்காலத்தில் சிக்கரியையும் வறுத்த பார்லியையும் கொதிக்க வைத்துக் காபி என்று குடித்தார்கள். நாம் சிக்கரி கலப்பது நாக்குக்காக. அவர்களுக்குக் கொட்டையே கிடையாது.

11 அக்டோபர், வெள்ளி. பெர்த்தலோ சாலை, மோன்லுக்

காலையில் பெர்த்தலோ சாலை அருங்காட்சியகம். ராணுவ மருத்துவப் பள்ளியாக இருந்த கட்டடம், 1943இலிருந்து கெஸ்டாபோ தலைமையகம், கீழ்த்தளத்தில் வதை. 1992இலிருந்து இது எதிர்ப்பு மற்றும் நாடுகடத்தல் வரலாற்று மையம். போலி முத்திரைகள், ரேஷன் கூப்பன், அச்சு இயந்திரம். பள்ளிப் பிள்ளைகள் ஒரு வகுப்பு வந்திருந்தது. ஆசிரியை அதட்டவே இல்லை. பிள்ளைகள் தாங்களாகவே குசுகுசுவென்று பேசினார்கள்.

மதியம் மோன்லுக் சிறை. நாலு சதுர மீட்டர் அறைகள், ஒருவருக்கென்று கட்டியவை, பலரை அடைத்திருந்தார்கள். 1943 தொடக்கத்திலிருந்து 1944 ஆகஸ்ட் 24 வரை பத்தாயிரம் பேர் அளவுக்கு இங்கே இருந்திருக்கிறார்கள். ஒவ்வொரு அறையிலும் அங்கே இருந்த ஒருவரின் படமும் கதையும்.

1943 ஜூன் 24 மாலை, கிறிஸ்தியான் பினோ என்ற கைதியை முற்றத்துக்குக் கூப்பிடுகிறார்கள். சிறையில் அவருக்கு முகம் மழிக்கும் வேலை. பெஞ்சில் நினைவில்லாமல் கிடக்கும் ஒருவரை மழிக்கச் சொல்கிறார்கள். பார்த்தால் மூலேன். பினோவுக்கு அவரைத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள முடியாது. தண்ணீர் கேட்டு வாங்கிச் சில துளிகள் புகட்டுகிறார், மழிக்கிறார். அவ்வளவுதான் அவரால் செய்ய முடிந்தது. மூலேன் ஒரு பெயரும் சொல்லவில்லை. ஜூலை 8 அன்று ஜெர்மனிக்குக் கொண்டுபோகும் வழியில் ரயிலில் இறந்தார் என்கிறது பதிவு. பினோ பூஹன்வால்ட் முகாமிலிருந்து உயிரோடு திரும்பி, பின்னால் வெளியுறவு அமைச்சரானார்.

இன்னோர் அறை மார்க் பிளோக்குடையது. வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரியும். விவசாயிகளின் நிலத்தையும், மன்னர் கைபட்டால் நோய் தீரும் என்ற நம்பிக்கையையும் வைத்து வரலாறு எழுதக் கற்றுக்கொடுத்தவர். ஆறு பிள்ளைகளின் தகப்பன், ஐம்பத்தேழு வயது. இருபது வயதுப் பையன்களோடு சேர்ந்து தகவல் கொண்டுபோகும் வேலை செய்தார். 1944 ஜூன் 16 இரவு மற்றவர்களோடு வெளியே கூட்டிப்போய் வயலில் சுட்டார்கள். என் தொழில்காரர் அவர். அந்த அறையில் கைகூப்பிவிட்டு வந்தேன்.

வெளியே வந்தபின் மகன் இன்னொரு கதையைச் சொல்லி என்னை ஆற்றப் பார்த்தான். அவள் பெயர் லூசி ஓப்ராக். அவளும் வரலாற்று ஆசிரியை. கலுவீரில் பிடிபட்டவர்களில் அவள் கணவர் ரேமோனும் ஒருவர். வயிற்றில் பிள்ளை. தான் கைவிடப்பட்ட பெண் என்றும், அவனைக் கல்யாணம் செய்யாவிட்டால் குடும்பமானம் போய்விடும் என்றும் கெஸ்டாபோ அலுவலகத்துக்கே போய் அழுது, அவனை வெளியே கொண்டுவர ஏற்பாடு செய்தாள். 1943 அக்டோபர் 21 அன்று கைதிகளை மோன்லுக்குக்குத் திருப்பிக் கொண்டுபோன வண்டியை வழியில் மறித்துத் தாக்கினார்கள். ரேமோனும் கூட இருந்தவர்களும் தப்பினார்கள். நாலு மாதத்தில், லண்டனில், குழந்தை பிறந்தது.

12 அக்டோபர், சனி. இசியூ

வாடகைக் கார். ஒன்றரை மணி நேரம். மழை விட்டு வெயில். இசியூ மலைச்சரிவில் ஒரு சிறு கிராமம். வெள்ளை வீடு, முன்னால் திண்ணை மாதிரி மேடை, கீழே ரோன் ஆறு. இவ்வளவு அழகான இடம் என்று எதிர்பார்க்கவில்லை.

1943இல் சபின் ஸ்லாத்தின் என்ற செஞ்சிலுவைப் பெண்ணும் கணவரும் யூதக் குழந்தைகளை இங்கே மறைத்து வளர்த்தார்கள். மாவட்டத் துணை ஆட்சியர் உதவினார். அக்கம்பக்கத்து விவசாயிகளுக்குத் தெரியும், சொல்லவில்லை. 1944 ஏப்ரல் 6, பள்ளி விடுமுறையின் முதல் நாள், காலைப் பலகார நேரம். இரண்டு லாரிகள் வந்தன. 44 குழந்தைகள், 7 பெரியவர்கள். சின்னவனுக்கு நாலு வயது. ஒரு இளைஞர் ஜன்னல் வழியே குதித்துத் தப்பினார். குழந்தைகளில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. பெரியவர்களில் ஒரு பெண் மட்டும் திரும்பினார். சபின் அன்று ஊரில் இல்லை. உதவி கேட்டு வெளியூர் போயிருந்தார். பார்பி அன்று மாலை பாரிசுக்கு அனுப்பிய தந்தி கிடைத்தது. 1987இல் லியோன் நீதிமன்றத்தில் அவனுக்கு ஆயுள் தண்டனை வாங்கித் தந்த சாட்சிகளில் அதுவும் ஒன்று.

வகுப்பறை அப்படியே இருக்கிறது. மர பெஞ்சு. சுவரில் பிள்ளைகள் வரைந்த படங்கள். நான் உட்காரவில்லை. மகன் வெளியே போய் நின்றுகொண்டான்.

மத்தியானம் இருவரும் சாப்பிடவில்லை.

13 அக்டோபர், ஞாயிறு. வெர்கோர்

கிரனோபிலுக்குத் தென்மேற்கே கோட்டைச் சுவர் மாதிரி எழும்பி நிற்கும் பீடபூமி. பாறையைக் குடைந்து போட்ட ஒற்றைச் சாலை. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் அதலபாதாளம். பனிமூட்டம் வேறு. மகன் ஓட்டினான், நான் கந்த சஷ்டிக் கவசம் சொன்னேன்.

பாதி வழியில் டயர் பஞ்சர். மாற்று டயர் இருந்தது, திருகும் சாவி இல்லை. வாடகைக்குக் கொடுத்தவர்கள் போனை எடுக்கவில்லை. பிறகு சிக்னலும் போனது. ஒரு மணி நேரம் கழித்து டிராக்டரில் ஒரு விவசாயி வந்தார். கையெல்லாம் கறுப்பு: இது வால்நட் உதிரும் மாதம், அதன் தோல் கறை. இறங்கினார், "போன்ழூர்" சொன்னார், டயரை மாற்றினார். எங்கிருந்து வருகிறோம், என்ன வேலை என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இருபது யூரோ நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். டிராக்டரிலிருந்து ஒரு பை வால்நட் எடுத்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

1943 பிப்ரவரியில் கட்டாய வேலைச் சட்டம் வந்தது. இளைஞர்கள் ஜெர்மன் தொழிற்சாலைகளுக்குப் போகவேண்டும். போக மனமில்லாதவர்கள் மலையேறினார்கள். புதர்க்காட்டைக் குறிக்கும் 'மாக்கி' என்ற சொல் அவர்களுக்கே பெயராகிவிட்டது. யார் கண்ணிலும் படாமல் ஏறிய அத்தனை பேருக்கும் சோறு போட்டது இந்த மாதிரிக் கேள்வி கேட்காத விவசாயிகள்தான் என்று டயர் மாட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது.

நார்மண்டித் தரையிறக்கச் செய்தி வந்ததும் வெர்கோரில் நாலாயிரம் பேர் அளவுக்குத் திரண்டார்கள். 1944 ஜூலை 3 அன்று குடியரசு மீட்கப்பட்டதாகவே அறிவித்தார்கள். ஜூலை 14 தேசிய நாளில் பட்டப்பகலில் அமெரிக்க விமானங்கள் நீலம், வெள்ளை, சிவப்புப் பாராசூட்டுகளில் ஆயுதம் போட்டன. ஆனால் கேட்ட பீரங்கி வரவில்லை. வாசியூ கிராமத்தருகே நேசநாட்டு விமானங்கள் இறங்க ஓடுபாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜூலை 21 காலை வானத்தில் கிளைடர்கள் தெரிந்தன. உதவி வந்துவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. இறங்கியது ஜெர்மன் படை. அன்றிரவு குடிமைத் தலைவர் ஷாவான், டி காலின் அரசு இருந்த அல்ஜியர்சுக்கு அனுப்பிய செய்தியில் அங்கே உட்கார்ந்திருப்பவர்களைக் குற்றவாளிகள், கோழைகள் என்று திட்டினார். 600க்கும் மேற்பட்ட போராளிகள், 200 அளவில் ஊர்மக்கள் இறந்தார்கள். வாசியூவில் இடிபாட்டில் சிக்கி, இறந்த குடும்பத்தினருக்கு நடுவே நாட்கணக்கில் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அதில் உண்டு.

ஊர் முழுக்கப் புதிதாகக் கட்டிய வீடுகள். கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாக வெள்ளைக் குறிகள். கிளைடரின் துருப்பிடித்த எலும்புக்கூடு இன்னும் கிடக்கிறது. திறந்த வெளியில் பெரும் படையாகத் திரண்டது தவறு என்று ராணுவம் தெரிந்தவர்கள் சொல்லலாம். அங்கே நின்றுகொண்டு என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

14 அக்டோபர், திங்கள். லுயீர் குகை

காட்டுக்குள் வாய் பிளந்த குகை, கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஜெர்மன் படை நெருங்கியதும் மருத்துவமனையை இங்கே மாற்றினார்கள். ஸ்ட்ரெச்சரில் காயம்பட்டவர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள். ஜூலை 27 அன்று கண்டுபிடித்துவிட்டார்கள். நடக்க முடியாதவர்களைப் பக்கத்திலேயே சுட்டார்கள். இரண்டு மருத்துவர்களையும் கூட இருந்த பாதிரியாரையும் கிரனோபிலுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். செவிலியர்களை ராவன்ஸ்புரூக் பெண்கள் முகாமுக்கு அனுப்பினார்கள். காயக்காரர்களை விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓட அவர்களுக்கு நேரம் இருந்தது. போகவில்லை.

ராணிப்பேட்டைப் பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை என்பதால் பாதிக் கடைகள் மூடல். இரண்டரை மணிக்கு போன்தான்ரோயானில் ஒரு அம்மா, "சமையல் முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்து மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தார். விரல்நகம் அளவு மாவுச் சதுரங்கள், உள்ளே பாலாடைக்கட்டியும் மல்லி மாதிரி ஒரு கீரையும். வெந்நீரில் ஒரு நிமிடம். தட்டு 13 யூரோ. இரண்டு நாள் கழித்து அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டோம்.

16 அக்டோபர், புதன். சுரேன், பாரிஸ்

பாரிசின் மேற்கே சுரேன். குன்றின்மேல் மோன் வலேரியன் கோட்டை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை இங்கே சுட்டார்கள். சுடுவதற்கு முன் அடைத்து வைத்த சிற்றாலயத்தின் சுவரில் கீறிய எழுத்துகள். அருகே கட்டிவைத்துச் சுட்ட மரக் கம்பங்கள். 1944 பிப்ரவரி 21 அன்று மிசாக் மனூஷியான் குழுவின் 22 பேர் இறந்தது இங்கே. பெரும்பாலும் ஆர்மீனியர், போலந்து, இத்தாலி, ஹங்கேரியிலிருந்து வந்த தொழிலாளர்கள். குழுவிலிருந்த பெண் ஓல்கா பான்சிக்கை ஜெர்மனியில் தலை வெட்டினார்கள். அந்நியக் குற்றவாளிகளின் கூட்டம் இது என்று சிவப்புச் சுவரொட்டி அடித்து ஊரெங்கும் ஒட்டினார்கள். எண்பது ஆண்டு கழித்து, இந்த வருடம் அதே பிப்ரவரி 21 அன்று, மனூஷியானையும் மனைவியையும், நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்யும் பாந்தேயோனில் கொண்டு வைத்தார்கள். சாகப்போகிறவர்களோடு கடைசிவரை கூட நடந்தவர் ஒரு ஜெர்மன் பாதிரியார், பிரான்ஸ் ஸ்டோக். குடும்பங்களுக்கு ரகசியமாகச் செய்தி கொண்டுபோனவர். கோட்டை முன்னால் உள்ள சதுக்கத்துக்கு அவர் பெயர்.

எல்லாரும் இப்படி இல்லை என்பதையும் பிரெஞ்சுக்காரர்களே சொல்கிறார்கள். கைதானவர்களில் எத்தனையோ பேரைப் பிடித்துக் கொடுத்தது பிரெஞ்சு போலீஸ். எல்லாம் முடிந்தபின் கைப்பட்டி கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு 'செப்டம்பர் போராளிகள்' என்றே ஒரு பெயர் உண்டு.

குன்றிலிருந்து இறங்கினால் துய்லரி தெரு. அங்கே ஃபசல் மன்சில் என்ற வீடு. பரோடாவிலிருந்து வந்த சூஃபி இசைஞர் ஹஸ்ரத் இனாயத் கானின் வீடு. திப்பு சுல்தான் வழி என்று சொல்லும் குடும்பம். வேலூர்க்காரிக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்: திப்பு இறந்தபின் அவர் பிள்ளைகளை அடைத்து வைத்தது எங்கள் கோட்டையில், 1806இல் சிப்பாய்கள் எழுந்தது அங்கே, அந்தக் குடும்பத்தாரின் கல்லறைகள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கின்றன.

மகள் நூர் இந்த வீட்டில் வளர்ந்தாள். குழந்தைகளுக்குக் கதை எழுதியவள்; ஜாதகக் கதைகளை எழுதி 1939இல் புத்தகமாக்கினாள். அகிம்சையில் வளர்ந்தவள். 1943 ஜூனில் இரவில் சிறு விமானத்தில் பிரான்சில் இறங்கினாள், பிரிட்டன் அனுப்பிய ரகசிய வானொலிக்காரியாக. பெட்டி வடிவ கருவி, பதினைந்து கிலோ. பத்து இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்திலிருந்து அனுப்பினால் அலையைத் துரத்தும் வண்டி வாசலுக்கு வந்துவிடும். இந்த வேலைக்காரர்களுக்கு ஆயுள் ஆறு வாரம் என்றார்கள். வந்த சில நாளிலேயே அவள் குழுவினர் வரிசையாகப் பிடிபட்டார்கள். திரும்பி வா என்று லண்டன் சொன்னது. மறுத்தாள். வீடு வீடாக மாறிக்கொண்டே அக்டோபர் வரை தாக்குப் பிடித்தாள். யாரோ காட்டிக்கொடுத்தார்கள். அனுப்பிய செய்திகளை நோட்டில் எழுதி வைத்திருந்தது பெரிய தவறாகப் போயிற்று. ஆனால் அவள் வாயால் ஒன்றும் வரவில்லை என்று விசாரித்த ஜெர்மன் அதிகாரியே பின்னால் சாட்சி சொன்னான். இரண்டு தடவை தப்பப் பார்த்தாள். பத்து மாதம் சங்கிலியில். 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் சுட்டார்கள். முப்பது வயது.

தெருவில் யாருமில்லை. வெயில். வாசலில் ஒரு தபால் பெட்டி. மகன் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

கீழே கடைத்தெருவில் ஒரு அஞ்சலட்டை வாங்கினேன், இந்தியாவுக்குத் தபால்தலை கிட்டத்தட்ட 2 யூரோ. பெஞ்சில் உட்கார்ந்து ராணிப்பேட்டை விலாசம் எழுதினேன். "பத்து வருஷத்துக்கு முன்னால் நீ ஒரு கேள்வி கேட்டாய்" என்று ஆரம்பித்தேன். தபால் பெட்டிகள், பூக்கடைக்காரர் கட்டிய நார், கையெழுத்து போடாத கலெக்டர் வரை எழுதுவதற்குள் அட்டை முடிந்துவிட்டது. மகனை அனுப்பி இன்னும் நாலு வாங்கி வரச் சொன்னேன்.